கல்யாண செட்டில்மெண்ட் சொத்தை டிரஸ்டி எந்த அதிகாரத்தில் விற்பது?

மகள் கல்யாணத்தின்போது அப்பா ஒரு வீட்டை டிரஸ்டாக எழுதி வைத்திருப்பார். தாய்மாமனும் சித்தப்பாவும் டிரஸ்டிகள், அதாவது அவளுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் சொத்தைப் பொறுப்பேற்றுப் பார்த்துக்கொள்கிறவர்கள். வருமானம் மகளுக்கு ஆயுள் முழுக்க, அவள் காலத்துக்குப் பின் சொத்து அவள் பிள்ளைகளுக்கு. இருபத்தைந்து வருடம் கழித்து வீடு ஒழுகத் தொடங்கும். மகள் வேறு ஊரில் இருப்பாள். பக்கத்து மனைக்காரர் நல்ல விலைக்குக் கேட்பார். "விற்றுவிட்டு வேறொன்று வாங்கிப் போடலாமே, யாரைக் கேட்க வேண்டும்?" என்று கேட்டு வக்கீலான என் மேசைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே அட்வான்ஸ் வாங்கிவிட்டுத்தான் வருகிறார்கள். அந்தப் பாதிப் பேரை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விற்பதற்கு ஓர் அதிகாரம் வேண்டும். விற்ற பணத்தை இன்னொன்றில் போடுவதற்கு வேறோர் அதிகாரம் வேண்டும். முதலாவது கையில் இருப்பதாலேயே இரண்டாவதும் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வதுதான் நான் அதிகம் பார்க்கிற தவறு.

இங்கே பேசுவது 1882-ம் ஆண்டின் இந்திய டிரஸ்ட் சட்டத்தின் கீழ் வரும் குடும்ப டிரஸ்டைப் பற்றி மட்டும். கோயில், தர்ம அறக்கட்டளை, வக்ஃபு ஆகியவற்றுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. டிரஸ்டி என்று யாரையும் போடாமல், "நீ ஆயுள் வரை அனுபவித்துக்கொள், பிறகு உன் பிள்ளைகளுக்கு" என்று நேராக எழுதிய தானசெட்டில்மெண்ட்டும் வேறு கதை. இலங்கை வாசகர்களுக்கு 1917-ம் ஆண்டின் 9-ம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச்சட்டம் இருக்கிறது. அது இந்தியச் சட்டத்தை அடியொற்றியது, ஆனால் பிரிவு எண்கள் மாறும்.

## ஒரு பத்திரத்தைக் கையில் எடுத்துக்கொள்வோம்

பொதுவாகப் பேசினால் இது பிடிபடாது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் பத்திரத்தை, ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றி வைத்துக்கொள்கிறேன்.

பாளையங்கோட்டை. 1998-ல் எழுதிய பத்திரம். கிறிஸ்தவக் குடும்பம். பதினான்கு சென்ட் மனையும் அதில் ஓர் ஓட்டு வீடும். பதிவான பத்திரத்தில் மூன்று வரிகள்தான் முக்கியம். ஒன்று: "வருமானத்தை என் குமாரத்தி தன் ஆயுள் பரியந்தம் அனுபவித்து வரவும், அவள் காலத்துக்குப் பின் அவள் சந்ததிகள் சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் அடைந்துகொள்ளவும்." இரண்டு: "அவசியம் நேர்ந்தால் டிரஸ்டிகள் சொத்தை விக்கிரயம் செய்யலாம்." மூன்று: "கல்யாண வாழ்க்கை நீடிக்கும் காலம் வரை அவள் தன் உரிமையை யாருக்கும் மாற்றவோ ஈடு வைக்கவோ கூடாது."

இன்று மகளுக்கு 47 வயது, கோயம்புத்தூரில் இருக்கிறார். மகனுக்கு 22, சின்னவளுக்கு 15. வீட்டு வாடகை மாதம் 6,000 ரூபாய். மனைக்கு 90 லட்சம் தருவதாக ஒருவர் கேட்கிறார். ஆண்டு வாடகை 72,000 என்றால் சொத்து மதிப்பில் ஒரு சதவீதம்கூட இல்லை. ஆறு சதவீத வட்டி என்று குறைத்துப் போட்டாலும் அதே பணம் ஆண்டுக்கு 5,40,000 தரும். விற்க ஆசை வருவது இயல்பு. நியாயமும்கூட.

## எதை வைத்து அளப்பது

வழிகளைப் பார்க்கும் முன் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன்.

வாங்குபவரின் வக்கீல் ஏற்றுக்கொள்வாரா என்பது முதல் அளவு. டிரஸ்ட் பத்திரம் பதிவானது, வில்லங்கச் சான்று போட்டாலே தெரியும். "எனக்குத் தெரியாது" என்று வாங்குபவர் பின்னால் சொல்ல முடியாது. அதனால் அவருடைய வக்கீலும், கடன் கொடுக்கும் பேங்கின் வக்கீலும் அதிகாரம் எங்கே என்றுதான் முதலில் தேடுவார்கள்.

இரண்டாவது, டிரஸ்டிக்கு எவ்வளவு பாதுகாப்பு. அதிகாரம் இல்லாமல் விற்றால் நஷ்டத்தை டிரஸ்டி தன் கைப்பணத்திலிருந்து ஈடுகட்ட வேண்டும் என்கிறது டிரஸ்ட் சட்டத்தின் பிரிவு 23. டிரஸ்டி கையில் உள்ள சொத்தையோ விற்ற பணத்தையோ மீட்கவும், கணக்குக் கேட்கவும் அவர் மேல் போடும் வழக்குக்குக் காலவரையறையே கிடையாது, 1963-ம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் பிரிவு 10 அப்படிச் சொல்கிறது. விலை கொடுத்து வாங்கியவரிடமிருந்து சொத்தை மீட்க 12 வருடம் உண்டு. அந்தப் 12 வருடமும் விற்றது பயனாளிக்குத் தெரியவந்த நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும். கிரையமாகி இருபது வருடம் ஆயிற்று என்பதால் மட்டும் பயம் நீங்காது.

மூன்றாவது, பேச முடியாதவர்களின் பங்கு: மைனர், இன்னும் பிறக்காத பிள்ளை. நான்காவது, காலமும் செலவும். ஐந்தாவது, பணம் போய்ச் சேரும் இடம்.

இந்த ஐந்தில் நான் அதிக எடை கொடுப்பது மூன்றாவதுக்கு. பேங்க் வக்கீல் தன் கவலையைத் தானே பார்த்துக்கொள்வார். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அப்படி யாரும் இல்லை. டிரஸ்டிதான் அவளுக்கு வக்கீலும் காவலும்.

## வழி 1: பத்திரத்திலேயே உள்ள அதிகாரம்

"டிரஸ்டிகள் தங்கள் விருப்பப்படி விற்று, வரும் பணத்தில் வேறு அசையாச் சொத்து வாங்கலாம்" என்று பத்திரம் சொன்னால் இதைவிடச் சுலபமான வழி இல்லை. ஏலத்திலும் விற்கலாம், தனியாகப் பேசியும் விற்கலாம், மொத்தமாகவோ மனை மனையாகவோ விற்கலாம் என்று பிரிவு 37 வழிவிடுகிறது. டிரஸ்டிகள் எழுத்தில் கொடுக்கும் ரசீதே வாங்குபவருக்குப் போதும், அந்தப் பணத்தை டிரஸ்டிகள் ஒழுங்காகப் பயன்படுத்தினார்களா என்று அவர் பின்தொடர வேண்டியதில்லை என்று பிரிவு 42 சொல்கிறது. வாங்குபவர் தரப்பும் நிம்மதியாகக் கையெழுத்துப் போடும்.

ஆனால் பிரிவு 37 எப்படித் தொடங்குகிறது என்று கவனியுங்கள்: விற்க அதிகாரம் உள்ள டிரஸ்டி எப்படி விற்கலாம் என்பதைத்தான் அது பேசுகிறது. அதிகாரத்தை அது தருவதில்லை. அது பத்திரத்திலிருந்து வரவேண்டும்.

நம் பாளையங்கோட்டைப் பத்திரத்தில் "அவசியம் நேர்ந்தால்" என்று இருக்கிறது. அது யாருடைய அவசியம்? கூரை ஒழுகுவது அவசியமா, நல்ல விலை வந்திருப்பது அவசியமா? டிரஸ்டிகள் நல்ல மனதோடு "ஆம்" என்று முடிவெடுக்கலாம். நாளை சின்னவள் வளர்ந்து "இல்லை" என்று சொன்னால் அதை ஆராயப்போவது நீதிமன்றம். "விருப்பப்படி" என்ற சொல்லுக்கும் "அவசியம் நேர்ந்தால்" என்ற சொல்லுக்கும் இடையில் இவ்வளவு தூரம் இருக்கிறது.

மறுமுதலீட்டைப் பற்றி அந்தப் பத்திரம் வாயே திறக்கவில்லை. அப்படியானால் பணம் கைக்கு வந்ததும் பிரிவு 20 வந்து உட்கார்ந்துகொள்ளும். பத்திரம் வெளிப்படையாக அனுமதித்த முதலீட்டில் போடலாம், இல்லாவிட்டால் மத்திய அரசு கெஜட்டில் அறிவித்த முதலீட்டுப் பத்திர வகைகளில் போடலாம். 2016-ல் திருத்தப்பட்ட பிறகு அந்தப் பிரிவின் நிலை இதுதான். கோயம்புத்தூரில் ஒரு ஃபிளாட் இந்த இரண்டிலும் வராது. விற்றது சரியான விற்பனையாகவும், ஃபிளாட் வாங்கியது டிரஸ்ட் மீறலாகவும் முடியும். இன்னொன்று: ஆயுள் வருமானம் பெறுகிற மகள் மேஜர் என்பதால், எந்த முதலீட்டுக்கும் அவருடைய எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும். அதைக் கேட்காமல் மாமா தன் போக்கில் போட்டால் அதுவும் தவறு.

இந்த வழியில் மறைந்திருக்கும் செலவு, எல்லா டிரஸ்டிகளும் சேர்ந்தே செயல்பட வேண்டும் என்பது (பிரிவு 48). ஒருவர் சிங்கப்பூரில் இருந்தால்? டிரஸ்டி தன் பொறுப்பை இன்னொருவர் தலையில் கட்ட முடியாது. ஆனால் விலை, ஆள், நிபந்தனை எல்லாவற்றையும் அவரும் சேர்ந்து முடிவெடுத்து எழுத்தில் வைத்துவிட்டால், கையெழுத்துப் போட மட்டும் பவர் கொடுப்பது பொறுப்பை ஒப்படைப்பதாகாது என்று பிரிவு 47-ன் விளக்கம் சொல்கிறது. அதனால் பவர் பத்திரத்தில் "தங்கள் இஷ்டப்படி விற்க" என்று எழுதாதீர்கள். "இன்ன விலைக்கு இன்னாருக்கு விற்க முடிவு செய்த கிரையத்தில் கையெழுத்திட" என்று எழுதுங்கள்.

தெளிவான விற்பனை அதிகாரம், தெளிவான மறுமுதலீட்டு அதிகாரம், சண்டையில்லாத டிரஸ்டிகள், மூன்றும் இருந்தால் இந்த வழியே போதும். நீதிமன்றம் பக்கம் போக வேண்டாம்.

## வழி 2: பயனாளிகள் எல்லாரும் கையெழுத்துப் போடுவது

டிரஸ்டை எழுதியவர் விதித்த நிபந்தனைகளை, ஒப்பந்தம் செய்யத் தகுதியுள்ள எல்லாப் பயனாளிகளும் சம்மதித்து மாற்றலாம் என்பது பிரிவு 11. இன்னும் ஒரு படி மேலே போய், எல்லாரும் மேஜராகவும் ஒரே மனதாகவும் இருந்தால், சொத்தை எங்கள் பெயருக்கே மாற்று என்று டிரஸ்டியைக் கேட்க பிரிவு 56 இடம் தருகிறது. பிறகு அவர்கள் சொந்தக்காரர்களாக விற்றுக்கொள்ளலாம், டிரஸ்ட் அத்தோடு முடிந்தது.

வேகம், செலவுக் குறைவு இரண்டிலும் இதை மிஞ்ச வேறொன்று இல்லை. பிள்ளைகள் எல்லாரும் வளர்ந்து வேலைக்குப் போய், பத்திரத்தில் "பிள்ளைகள்" என்று மட்டும் இருந்து, குடும்பத்தில் மனத்தாங்கல் இல்லாமல் இருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்வேன்.

ஆனால் இதன் கண்ணி "எல்லாரும்" என்ற சொல்லில் இருக்கிறது. சின்னவளுக்கு 15 வயது. அவள் சார்பில் அம்மா கையெழுத்துப் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. ஒப்பந்தம் செய்யத் தகுதியில்லாத பயனாளிக்காகப் பிரிவு 11-ன்படி சம்மதம் தருவது நீதிமன்றம். இதில் அம்மாவுக்கும் மகளுக்கும் நலன் ஒன்றல்ல என்பதையும் பாருங்கள். அம்மாவுக்கு வேண்டியது வருமானம், பிள்ளைக்கு வேண்டியது முதல், அதாவது சொத்தே. சட்டம் அம்மாவைச் சந்தேகப்படவில்லை. இரண்டு பேருடைய பையையும் ஒருவர் கையில் கொடுக்க அது தயங்குகிறது.

அப்புறம் அந்த "சந்ததிகள்". பத்திர எழுத்தர் பழக்கத்தில் போட்ட சொல்லாக இருக்கலாம். ஆனால் "பிள்ளைகள்" என்றால் 22 வயதுக்காரனும் 15 வயதுக்காரியும் என்று கணக்கு ஒருவழியாக அடங்கும். "சந்ததிகள்" என்றால் பேரப்பிள்ளைகள் வரை இழுத்துப் பேச இடமுண்டு. பிறக்காதவர்களிடம் யார் கையெழுத்து வாங்குவது? அதனால் கையெழுத்து வாங்கத் தொடங்கும் முன் பத்திரத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்று நகலை அல்ல, மூலப்பத்திரத்தை எடுத்துப் படியுங்கள்.

மூன்றாவது வரி இன்னும் ஆழமானது. மணமான பெண் தன் பயனுரிமையைத் தானே இழந்துவிட முடியாதபடி எழுதி வைத்த சொத்தை, அவள் கல்யாண வாழ்க்கை நீடிக்கும்வரை பிரிவு 56-ஐக் காட்டித் தன் பெயருக்கு மாற்றிக் கேட்க முடியாது. இந்து, முஸ்லிம், பௌத்தப் பெண்கள் தவிர்த்த மற்றவர்களுக்கு இப்படிக் கட்டுப்போட்டு எழுதுவது செல்லும் என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் பிரிவு 10-ம் சொல்கிறது. கிறிஸ்தவக் குடும்பங்களின் பழைய கல்யாண செட்டில்மெண்ட்டுகளில் இந்த வரி இருக்கிறதா என்று நான் முதலில் தேடுவது இதனால்தான். கணவனின் கடன்காரன் வந்து கையெழுத்துக் கேட்டாலும் அவளால் கொடுக்க முடியாமல் இருக்கட்டும் என்று ஒரு தகப்பன் நினைத்த நினைப்பு அது. பாளையங்கோட்டை வீட்டுக்கு டிரஸ்டைக் கலைக்கும் வழி இங்கேயே அடைபட்டது.

## வழி 3: பிரிவு 36 இருக்கிறதே என்று நம்பி விற்பது

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. டிரஸ்ட் சொத்தை வசூலிக்க, காக்க, அதற்கு நன்மை செய்ய நியாயமான எல்லாவற்றையும் டிரஸ்டி செய்யலாம் என்கிறது பிரிவு 36. "நன்மை என்றால் விற்பதும் சேராதா" என்று வாதாடலாம். வாதாடலாம் என்பதுதான் இதன் பலவீனம். அந்தப் பிரிவில் விற்பனை என்ற சொல் இல்லை. 21 வருடத்துக்கு மேல் குத்தகைக்கு விடக்கூட நீதிமன்ற அனுமதி கேட்கிற அதே பிரிவு, கேட்காமல் விற்க விட்டிருக்குமா என்று எதிர் வக்கீல் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

பிரிவு 16-ஐயும் சிலர் காட்டுவார்கள். அடுத்தடுத்துப் பலர் அனுபவிக்க வேண்டிய டிரஸ்டில் தேய்ந்து அழியும் சொத்து இருந்தால், அதை நிலையான சொத்தாக மாற்ற வேண்டும் என்பது அது. சட்டமே தரும் உதாரணம் குத்தகை நிலத்து வீடுகள்: குத்தகைக் காலம் ஓட ஓட மதிப்பு கரைந்துபோகும். ஓட்டு வீடு ஒழுகினாலும் அடியில் இருக்கும் பதினான்கு சென்ட் சொந்த மனை கரைவதில்லை, ஏறுகிறது. நமக்கு உதவாது.

கூரையை மாற்ற, வாடகைக்காரரை மாற்ற, சுற்றுச்சுவர் கட்ட பிரிவு 36 தாராளமாகப் போதும். அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

## வழி 4: நீதிமன்றத்துக்குப் போவது

நம்மவர்களுக்கு நீதிமன்றம் என்றாலே வழக்கு, வாய்தா, பகை என்ற நினைப்பு. பிரிவு 34-ன் மனு அப்படிப்பட்டதல்ல. டிரஸ்ட் சொத்தை நிர்வகிப்பது பற்றி டிரஸ்டி வழக்குப் போடாமலே நீதிமன்றத்திடம் கருத்தும் ஆலோசனையும் வழிகாட்டுதலும் கேட்கும் மனு அது. எதிரி என்று யாரும் இல்லை, சம்பந்தப்பட்டவர்களுக்கு நகல் போகும். மாவட்டங்களில் முதன்மை மாவட்ட நீதிமன்றம், சென்னையில் உயர் நீதிமன்றத்தின் மூல வழக்குப் பிரிவு.

இதில் கிடைக்கும் லாபம் பெரிது. உண்மைகளை நல்லெண்ணத்தோடு மறைக்காமல் சொல்லி, கிடைத்த வழிகாட்டுதலின்படி நடந்த டிரஸ்டி, அந்த விஷயத்தில் தன் கடமையைச் செய்து முடித்தவராகவே கருதப்படுவார். சின்னவளுக்காகப் பிரிவு 11-ன் சம்மதத்தையும் அதே நீதிமன்றத்தில் கேட்கலாம். வாங்குபவரின் வக்கீலுக்கு உத்தரவு நகலை நீட்டினால் கேள்விகள் பெரும்பாலும் அடங்கும்.

எல்லையும் உண்டு. சொத்து யாருடையது, சித்தப்பா கணக்கில் பணம் எடுத்தாரா போன்ற சண்டைகளை இந்த மனுவில் தீர்க்க முடியாது. சுருக்கமாக முடிக்கத் தகாத சிக்கல் என்று நீதிமன்றம் நினைத்தால் முறையாக வழக்குப் போடச் சொல்லிவிடும். காலத்தை மாதக் கணக்கில் எண்ண வேண்டும், அதற்குள் 90 லட்சம் சொன்னவர் வேறு மனை பார்த்துப் போய்விடலாம். இதுதான் இந்த வழியின் உண்மையான செலவு. வக்கீல் கட்டணமும் மனுச் செலவும் அவ்வளவு பெரிதல்ல, முறையாகச் செய்த செலவை டிரஸ்ட் பணத்திலிருந்தே எடுத்துக்கொள்ள பிரிவு 32 அனுமதிக்கிறது. இன்னொரு விலை: நீதிமன்றம் நிபந்தனை போடலாம். பணம் வங்கியில் டிரஸ்ட் பெயரில் கிடக்க வேண்டும், கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும் என்றெல்லாம் வரும். அதைத் தொந்தரவு என்று நினைக்காதீர்கள், நாளைக்கு உங்களைக் காப்பாற்றப்போகிற காகிதங்கள் அவை.

மனுவோடு என்ன வைக்க வேண்டும் என்றால்: பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை, வழிகாட்டி மதிப்பு, குறைந்தது இரண்டு பேரின் எழுத்துபூர்வமான விலை, வாடகைக் கணக்கு, கூரையின் படங்கள், வாங்கப்போகும் சொத்தின் சட்டக் கருத்து. "விற்க அனுமதி வேண்டும்" என்று மொட்டையாகக் கேட்காமல், "இன்ன விலைக்குக் குறையாமல் விற்கவும், அந்தப் பணத்தில் இன்னதை டிரஸ்டிகள் பெயரில் வாங்கவும், மிச்சத்தை இன்னதில் போடவும்" என்று இரண்டு அதிகாரத்தையும் சேர்த்துக் கேளுங்கள். பாதி மனுக்கள் இரண்டாவதைக் கேட்க மறந்துவிட்டு, ஒரு வருடம் கழித்து மறுபடி அதே படியில் ஏறுகின்றன.

டிரஸ்டியோ அவர் ஆட்களோ வாங்குவதாக இருந்தால், விற்கும் பொறுப்புள்ள டிரஸ்டி நேராகவோ மறைமுகமாகவோ வாங்கக் கூடாது என்று பிரிவு 52 கதவைச் சாத்திவிடுகிறது. மாமாவின் மகன் பெயரில் வாங்குவதும் "மறைமுகம்" என்ற கேள்வியைக் கிளப்பும்.

## வழி 5: விற்காமலே இருப்பது

யாரும் கேட்காத வழி இது, ஆனால் கணக்கில் சேர்க்க வேண்டும். 21 வருடம் வரை, கிடைக்கக்கூடிய நல்ல வாடகைக்குக் குத்தகை விட டிரஸ்டிக்கு நீதிமன்றம் தேவையில்லை. ஓட்டு வீட்டை இடித்துவிட்டுக் குத்தகைக்காரர் தன் செலவில் கொட்டகை போட்டுக்கொள்கிற மாதிரி ஒப்பந்தம் அமைந்தால் வருமானம் பல மடங்காகலாம், மனையும் பிள்ளைகளுக்கு இருக்கும். சின்னவள் 18 ஆக மூன்று வருடம்தான் என்கிற வீட்டுக்கு இது சும்மா தள்ளிப்போடுவது அல்ல. மூன்று வருடத்தில் மைனர் என்ற முள் தானே விழுந்துவிடும். "சந்ததிகள்" என்ற முள்ளும் கல்யாணக் காலக் கட்டும் நிற்கும்.

பில்டருடன் கூட்டாகக் கட்டுவதை இதில் சேர்க்காதீர்கள். அதில் பிரிக்கப்படாத பங்கை எழுதிக் கொடுக்கிறீர்கள், அது விற்பனைதான்.

## ஒரே பார்வையில்

| | வாங்குபவர் ஏற்பு | டிரஸ்டிக்குப் பாதுகாப்பு | மைனர், பிறக்காதவர் | காலம் | வேறு வீடு வாங்கலாமா |
|---|---|---|---|---|---|
| பத்திர அதிகாரம் | சொல் தெளிவாக இருந்தால் நன்று | நல்லது | சொல்லைப் பொறுத்தது | குறைவு | பத்திரம் சொன்னால் மட்டும் |
| எல்லார் சம்மதம் | எல்லாரும் மேஜர் என்றால் நன்று | நல்லது | ஓட்டை இங்கேதான் | மிகக் குறைவு | சம்மதத்தில் எழுதினால் |
| பிரிவு 36 | சந்தேகம் | குறைவு | இல்லை | குறைவு | இல்லை |
| நீதிமன்றம் | மிக நன்று | மிக நன்று | கவனிக்கப்படும் | அதிகம் | உத்தரவு சொன்னபடி |
| குத்தகை | பொருந்தாது | நல்லது | முதல் அப்படியே இருக்கும் | குறைவு | பொருந்தாது |

## விற்பதென்று முடிவானால் பையிலிருந்து போகிற பணம்

90 லட்சமும் 90 லட்சமாக மறுபக்கம் போய்ச் சேராது. தமிழ்நாட்டில் மறுவிற்பனை வீடு வாங்க முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. 70 லட்சத்துக்கு வாங்கினால் 6,30,000 அங்கேயே போகிறது.

மூலதன ஆதாய வரி அடுத்தது. 2024 ஜூலை 23 முதலான விற்பனையில் நீண்டகால ஆதாயத்துக்கு 12.5%, பணவீக்கச் சரிக்கட்டல் இல்லாமல். அந்தத் தேதிக்கு முன் வாங்கிய நிலத்துக்கும் வீட்டுக்கும் 20% சரிக்கட்டலோடு கணக்குப் போட்டுக்கொள்ளும் சலுகை, தனிநபருக்கும் இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கும் என்றுதான் எழுதப்பட்டிருக்கிறது. வீடு விற்று வீடு வாங்கினால் கிடைக்கும் விலக்கும் அப்படியே. டிரஸ்ட் பெயரில் அது கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு பட்ஜெட் போடாதீர்கள், ஆடிட்டரிடம் முதலிலேயே உட்காருங்கள். ஆறு மாதத்துக்குள் 50 லட்சம் வரை அரசு நிறுவனங்களின் ஐந்து வருடப் பாண்டில் போடும் விலக்குக்கு இந்தத் தனிநபர் கட்டுப்பாடு இல்லை. ஆனால் அந்தப் பாண்ட் உங்கள் பத்திரமோ கெஜட் பட்டியலோ உத்தரவோ அனுமதிக்கும் முதலீடுதானா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். வரி மிச்சமாகி டிரஸ்ட் மீறலானால் யாருக்கு என்ன பயன்?

சின்ன விஷயம் போலத் தெரியும் ஒன்று: பான் எண். 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் வாங்குபவர் 1% பிடித்து அரசுக்குக் கட்டுவார். அங்கே மாமாவின் சொந்த பான் எண்ணைக் கொடுத்துவிட்டால் விற்பனை மாமாவின் கணக்கில் ஏறிவிடும். டிரஸ்டுக்குத் தனி பான், தனி வங்கிக் கணக்கு, இரண்டும் கிரையத்துக்கு முன் தயாராக இருக்க வேண்டும்.

## பாளையங்கோட்டை வீட்டுக்கு எது சரி

"அவசியம்" என்ற சொல் தெளிவில்லை. மறுமுதலீட்டு வரி இல்லை. ஒரு மைனர். "சந்ததிகள்". கல்யாணக் காலக் கட்டு. இந்த ஐந்தையும் சேர்த்துப் பார்த்தால் நீதிமன்றம் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. மாமாவிடம் அப்படியே சொன்னேன். அட்வான்ஸ் வாங்காமல், "நீதிமன்ற உத்தரவு கிடைத்தால் மட்டும் விற்போம், இல்லாவிட்டால் யாருக்கும் யாரும் கடன்பட்டவரில்லை" என்று ஒரு ஒப்பந்தம் மட்டும் போடச் சொன்னேன். வாங்குபவர் காத்திருக்கச் சம்மதித்தார். எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் அமையாது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

பிரிவு 17-ன்படி டிரஸ்டி ஒரு பயனாளிக்காக இன்னொருவரை விட்டுக்கொடுக்கக் கூடாது. முழுப் பணத்தையும் வட்டிக்குப் போட்டால் அம்மாவுக்கு வருமானம் கொட்டும், ஆனால் இருபது வருடம் கழித்து அதே 90 லட்சம் பிள்ளைகளுக்கு என்ன வாங்கித் தரும்? முழுவதும் மனையாக வாங்கினால் பிள்ளைகளுக்கு லாபம், அம்மாவுக்கு மாதம் எதுவும் வராது. அதனால் பெரும்பகுதி வாடகை வரும் வீட்டிலும் மிச்சம் அரசுக் கடன்பத்திரத்திலும் என்று பிரித்து மனுவில் கேட்டோம்.

உத்தரவு வந்தது, விற்றார்கள், கோயம்புத்தூரில் வீடு பார்த்தார்கள். கிரையப் பத்திரம் எழுதும் அன்று மகள், "என் பணம்தானே மாமா, என் பெயரில் எழுதினால் என்ன?" என்று கேட்டாராம். மாமா பழைய பத்திரத்தை எடுத்து அந்த "சந்ததிகள்" என்ற சொல்லைக் காட்டியிருக்கிறார். புதுப் பத்திரத்தில் வாங்குபவர் இடத்தில் இரண்டு டிரஸ்டிகளின் பெயர், அதற்குக் கீழே 1998-ம் ஆண்டுப் பத்திரத்தின் எண், அதற்கும் கீழே நீதிமன்ற உத்தரவின் எண்ணும் தேதியும். வரிசை தவறாமல் எழுதியிருக்கிறதா என்று பார்க்க, அச்செடுப்பதற்கு முன் அந்தப் பக்கத்தை மட்டும் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.